தலைமாட்டில் நிற்பவர்

(தோட்ட சனசமூக நிலையத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில், மயக்க மருந்து வைத்தியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையில பெரட்டுக்குப் போயி, நாள் முழுக்க மலையில நின்னு, கடைசி நிறுவையையும் முடிச்சிட்டு, இந்தக் குளிரிலயும் வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன்.

ஆப்பரேஷன் செய்துகொண்டவங்ககிட்ட, "உங்களுக்கு ஆப்பரேஷன் செஞ்சது யாரு?" என்று கேட்டால் சத்திரசிகிச்சை டாக்டரின் பெயரைச் சரியாகச் சொல்வாங்க. "மயக்கம் குடுத்தது யாரு?" என்று கேட்டால், "யாரோ ஒரு ஆள் வந்து ஊசி போட்டாங்க, பொறகு ஒண்ணும் தெரியல" என்பாங்க. அந்த யாரோ ஒரு ஆள்தான் நான். சத்திரசிகிச்சை டாக்டர் வயிற்றுப் பக்கம் நிற்பார். நான் தலைமாட்டில் நிற்பேன். ஊசி போட்டதும் வெளியே போய் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன் என்று பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. நோயாளி கண்ணை மூடின நேரத்திலிருந்து கண் திறக்கும் வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டோம். ஏன் என்று சொல்லத்தான் வந்தேன்.

முதலில் ஒரு சம்பவம்.

ஏழு வயதுப் பொடியன் ஒருவனுக்குக் குடலிறக்கம். செவ்வாய்க்கிழமை காலையில் ஆப்பரேஷன். தியேட்டர் வாசலில் வைத்து நான் அவனிடம், "ராசா, காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன். தாய் உடனே, "ஒண்ணும் குடுக்கல ஐயா" என்றார். பொடியன் தாயைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற அம்மாயியைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "ரொட்டி" என்றான். பிள்ளை பசியில் அழுவது பொறுக்காமல், ஆறு மணிக்கு அம்மாயி அரை ரொட்டியைப் பிய்த்துச் சேலைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

ஆப்பரேஷனை அடுத்த செவ்வாய்க்கு ஒத்திவைத்தோம். தாய்க்குக் கோபம். "ரெண்டு நாள் பேரு போச்சு, பஸ் காசு போச்சு, ஒரு துண்டு ரொட்டிக்கா இவ்வளவும்?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஒரு நாள் பேரின் விலை எனக்குத் தெரியும். ஆனால் அந்த அரை ரொட்டி என்ன செய்யும் என்பதையும் நான் அறிவேன்.

நாம் விழித்திருக்கும்போது ஒரு பருக்கை தப்பான வழியில் போனால் உடனே புரையேறும், இருமித் தள்ளிவிடுவோம். அதுதான் உடம்பின் காவல்காரன். மயக்க மருந்து உள்ளே போனதும் அந்தக் காவல்காரனும் தூங்கிவிடுவான். வயிற்றில் இருக்கும் சாப்பாடு மேலே ஏறி வந்தால் தடுக்க யாரும் இல்லை. அது நேரே சுவாசப்பைக்குள் போய்விடும். வயிற்றிலுள்ள அமிலமும் சேர்ந்து போய் சுவாசப்பையை எரித்துவிடும். சாப்பாட்டுத் துண்டு மூச்சுக்குழாயை அடைத்தால் நிமிடக்கணக்கில் உயிர் போய்விடும். இதை 1946ஆம் ஆண்டில் மெண்டல்சன் என்ற அமெரிக்க டாக்டர், பிரசவத்துக்கு மயக்கம் கொடுத்த தாய்மார்களிடம் கண்டு விரிவாக எழுதினார். அதற்குப் பிறகுதான் வெறும் வயிற்றின் அருமை உலகத்துக்கு நன்றாக உறைத்தது.

அப்படியானால் எவ்வளவு நேரம்? பொதுவான கணக்கு இதுதான். ரொட்டி, சோறு, பிஸ்கட், பால் போட்ட தேத்தண்ணி, பால்மா எல்லாம் ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். எண்ணெயில் பொரித்தது, இறைச்சி என்றால் எட்டு மணித்தியாலம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் நான்கு மணித்தியாலம். தெளிந்த தண்ணீரும், பால் போடாத பிளேன்டீயும் இரண்டு மணித்தியாலம் வரைக்கும் பரவாயில்லை. நாம் பறிக்கும் கொழுந்துச் சாயத்துக்கு அந்த மரியாதை உண்டு. பால் ஒரு சொட்டு விழுந்தால் மரியாதை போய்விடும்! ஆனால் எந்த நேரத்தோடு நிறுத்த வேண்டும் என்று வார்ட்டில் சொல்கிறார்களோ அதுவே உங்களுக்குச் சட்டம். நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம்.

மயக்க மருந்து வருவதற்கு முன்னே ஆப்பரேஷன் எப்படி இருந்தது தெரியுமா? நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள், சாராயம் கொடுப்பார்கள், அபின் கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் வெட்டுகிறாரோ அவர்தான் கெட்டிக்கார டாக்டர். காலை வெட்டி எடுக்கலாம். வயிற்றைத் திறந்து ஆறுதலாக வேலை செய்ய ஏலாது. நோயாளியின் கூச்சலும் துடிப்பும் விடாது. 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில், மோர்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் என்ற மருந்தின் ஆவியை ஒரு நோயாளிக்குச் சுவாசிக்கக் கொடுத்தார். கழுத்திலிருந்த கட்டியை வாரன் என்ற டாக்டர் வெட்டினார். நோயாளி கத்தவில்லை. அந்த நாளைத்தான் இன்றைக்கும் உலக மயக்க மருந்து தினமாகக் கொண்டாடுகிறோம். அடுத்த ஆண்டே ஸ்கொட்லாந்தில் சிம்சன் என்ற டாக்டர் குளோரோபோமைப் பிரசவ வலிக்குப் பயன்படுத்தினார். "வலியோட பெறுறதுதான் முறை" என்று அப்போது எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். 1853இல் விக்டோரியா மகாராணியே பிள்ளைப்பேற்றுக்குக் குளோரோபோம் வாங்கிக்கொண்ட பிறகு பலருடைய வாய் அடைத்துப் போனது.

இப்போது தியேட்டருக்குள்ளே வருவோம். கையில் சின்ன ஊசி ஏற்றி சேலைன் ஓட விடுவோம். முகத்தில் மாஸ்க் வைத்து ஒட்சிசன் கொடுப்போம். பிறகு பால் போல வெள்ளையாக ஒரு மருந்து போகும். பத்து எண்ணுவதற்குள் கண் சொக்கிவிடும். இது நாம் லயத்தில் தூங்குகிற தூக்கம் இல்லை. தூங்குகிறவரைத் தட்டினால் எழும்புவார். இவரை வெட்டினாலும் எழும்பமாட்டார். தசைகள் தளர்வதற்கு இன்னொரு மருந்து கொடுத்தால் மூச்சு விடும் தசைகளும் நின்றுபோகும். இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் வைத்து, அவருக்காக நாங்கள் மூச்சு விடுகிறோம். முதலில் கையால், பிறகு மெசினால். இப்போது விளங்குதா, நான் ஏன் தேத்தண்ணி குடிக்கப் போக ஏலாது என்று? சில நிமிடம் ஒட்சிசன் இல்லாமல் போனால் மூளை கெட்டுவிடும்.

விரலில் ஒரு கிளிப் மாட்டுவோம். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று அது சொல்லும். 1974இல் ஜப்பானில் அஓயாகி என்ற பொறியியலாளர் கண்டுபிடித்த வழி அது. அதனால்தான் நகத்துப் பூச்சை அழித்துவிட்டு வரச் சொல்கிறோம், பூச்சு வெளிச்சத்தை மறைக்கும். நெஞ்சில் ஒட்டும் வயர்கள் இதயத் துடிப்பைக் காட்டும். கையில் கட்டும் பட்டி பிரஷரைப் பார்க்கும். இரத்தம் எவ்வளவு போகிறது, சிறுநீர் வருகிறதா, உடம்பு குளிர்ந்து போகிறதா, வலி தெரிகிறதா எல்லாம் பார்க்க வேண்டும். சத்திரசிகிச்சை டாக்டர் நோயைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் உயிரைப் பார்ப்பது எங்கள் வேலை. அவருக்கு என்னை நம்பித்தான் கத்தி எடுக்க முடியும்.

எல்லா ஆப்பரேஷனுக்கும் முழு மயக்கம் தேவையில்லை. சீசருக்கும், இடுப்புக்குக் கீழே செய்யும் பல ஆப்பரேஷன்களுக்கும் முதுகில் ஊசி போடுவோம். நம் தாய்மாருக்கு இதில் பெரிய பயம். "முதுகுல ஊசி போட்டா இடுப்பு செத்துப் போகும், பொறகு கூடை தூக்க ஏலாது" என்று லயத்துக்கு லயம் கதை. உண்மை என்ன? பெரியவர்களுக்கு நடு முதுகுத்தண்டு நரம்பு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்குக் கீழே. ஊசி குத்தின இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். வருஷக்கணக்கான இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பிள்ளை சுமந்த இடுப்பு, பிறகு சரிவில் நின்று கூடை சுமக்கிற இடுப்பு, அது வலிக்காமல் என்ன செய்யும்? பழி மட்டும் ஊசிக்கு. இந்த ஊசியில் தாய் விழித்திருப்பார், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பார், புரையேறும் ஆபத்தும் குறைவு. சிலருக்குப் பிறகு கடுமையான தலைவலி வரும். எழும்பி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். அப்படி வந்தால் மறைக்காமல் சொல்லுங்க, வைத்தியம் உண்டு.

பிள்ளை பிறந்ததும் அதன் நிறம், துடிப்பு, அழுகை, கைகால் ஆட்டம், மூச்சு பார்த்துப் புள்ளி போடுவாங்களே, அந்த முறையை 1952இல் ஏற்படுத்தியவர் வேர்ஜினியா அப்கார் என்ற அம்மா. அவரும் மயக்க மருந்து டாக்டர்தான். தலைமாட்டில் நின்றபடியே பிள்ளையையும் பார்த்திருக்கிறார்.

இனி மிக முக்கியமான விஷயம். ஆப்பரேஷனுக்கு முன் நாங்கள் வந்து கேள்வி கேட்போம். சில கேள்விகள் உங்களுக்கு வெட்கமாக இருக்கும், சில தேவையில்லாதது போலத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கு.

"வாயை நல்லாத் திறங்க" என்போம். வெற்றிலை பாக்கு வருஷக்கணக்கில் மென்றவர்களுக்கு வாயின் உள்தோல் இறுகி, இரண்டு விரல் போகும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. அப்படியானவருக்குத் தொண்டையில் குழாய் வைப்பது பெரும்பாடு. முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழியை ஆயத்தம் செய்வோம். ஆடுகிற பல், கட்டுப்பல் இருந்தாலும் சொல்லுங்க. அது கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

"மருந்தடிக்கிற வேலையா?" என்று கேட்போம். பூச்சி கொல்லும் மருந்துகளில் சில வகை, உடம்பிலுள்ள ஒரு பொருளைக் குறைத்துவிடும். அது குறைந்தவருக்கு நாங்கள் தசை தளரக் கொடுக்கும் ஒரு மருந்து சீக்கிரம் இறங்காது. சில நிமிடத்தில் தெளிய வேண்டியவர் மணிக்கணக்கில் மூச்சு விட முடியாமல் கிடப்பார்.

"குடிக்கிறதா? சுருட்டு, பீடி, சிகரட்?" என்று கேட்போம். பொலிசுக்குச் சொல்ல இல்லை, பொஞ்சாதிக்குச் சொல்லவும் இல்லை. தினமும் குடிக்கிறவருக்கு மருந்தின் அளவு மாறும். திடீரென்று குடி நின்றால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, பிதற்றல் வரும். முன்பே தெரிந்தால் தடுக்கலாம். புகைப்பதை ஆப்பரேஷனுக்கு எத்தனை கிழமை முன்பே விடுகிறீர்களோ அத்தனை நல்லது.

பிரஷர், சீனி, இழுப்பு, வலிப்பு இருக்கிறதா, என்ன குளிசை குடிக்கிறீங்க, நாட்டு மருந்து ஏதும் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் கொடுத்து வில்லங்கம் வந்ததா? எல்லாம் சொல்லுங்க. கிளினிக் கொப்பியையும் குளிசைப் பக்கெற்றையும் கையோடு கொண்டு வாங்க. எந்தக் குளிசையை அன்று காலையிலும் குடிக்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று நாங்கள் சொல்வோம்.

இன்னொன்று இரத்தம். நம் பெண்களுக்கு இரத்தச் சோகை அதிகம். உடம்பில் இரத்தம் குறைந்தவருக்கு ஆப்பரேஷனில் கொஞ்சம் இரத்தம் போனாலும் பெரிய நட்டம். இரும்புச் சத்துக் குளிசை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்காதீங்க. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தேத்தண்ணிக்கும் குளிசைக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணித்தியாலம் இருக்கட்டும்.

உங்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. என்னுடைய ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷத்துக்கு முன்னே, வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலம். தோட்டத்துத் தாய் ஒருவருக்குச் சின்ன ஆப்பரேஷன். அன்றைக்குப் பட்டியலில் ஆட்கள் அதிகம், எனக்கு அவசரம். "இரவிலிருந்து உணவு இல்லை" என்று கடதாசியில் எழுதியிருந்தது. நான் கடதாசியைத்தான் பார்த்தேன், அந்த அம்மாவிடம் கேட்கவில்லை. மயக்கம் கொடுத்த உடனே வாந்தி வந்தது. பால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். சுவாசப்பைக்குள்ளும் போய்விட்டது. ஆப்பரேஷனை நிறுத்தினோம். ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மெசின் மூச்சில் கிடந்தார். அந்த ஐந்து இரவும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

அப்படியான பிரிவே எங்கள் துறையில் பிறந்ததுதான். 1952இல் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுவிட முடியாமல் பிள்ளைகள் செத்தார்கள். இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், தியேட்டரில் செய்வதுபோலக் கழுத்தில் குழாய் வைத்துக் கையால் மூச்சு கொடுக்கலாம் என்றார். மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகப் பை அழுத்தி உயிர்களைக் காப்பாற்றினார்கள். அந்த வழியில் வந்த சிகிச்சைதான் என் நோயாளியையும் காப்பாற்றியது.

ஆறாம் நாள் குழாயை எடுத்ததும் கேட்டேன், "ஏம்மா, சாப்பிட்டதைச் சொல்லல?" அந்த அம்மா சொன்னார்: "சாப்பிடக் கூடாதுன்னு யாரும் சொல்லல ஐயா. கட்டில்ல ஏதோ எழுதித் தொங்கவிட்டிருந்தாங்க, எனக்கு அந்தப் பாஷை வாசிக்கத் தெரியாது. நீங்க கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."

அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளியிடமும் நானே கேட்கிறேன். கடதாசியை நம்புவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2008இல் ஒரு பட்டியல் தந்திருக்கு. மயக்கம் கொடுக்கும் முன்னும், வெட்டும் முன்னும், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன்னும், ஆள் யார், எந்த ஆப்பரேஷன், எந்தப் பக்கம் என்று எல்லாரும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் பட்டியல் அது. ஒரே கேள்வியைப் பல பேர் வந்து கேட்டால் சலிக்காதீங்க. அது உங்கள் உயிருக்குப் போடும் பூட்டு.

நீங்களும் கேளுங்க. "எனக்கு என்ன ஆப்பரேஷன்? எப்படி மயக்கம் தருவீங்க? எப்ப சாப்பாட்டை நிறுத்துறது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான். விளங்காத கடதாசியில் விரல் அடையாளமோ கையெழுத்தோ வைக்காதீங்க. தமிழில் விளக்கச் சொல்லுங்க, தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்க. தலையை ஆட்டினால் மரியாதை என்று நினைக்க வேண்டாம். விளங்காமல் தலையாட்டுவதுதான் ஆபத்து.

ஆப்பரேஷன் முடிந்ததும் எங்கள் வேலை முடியாது. கண் திறந்து, தானாக மூச்சு விட்டு, பெயர் சொல்லும் வரை பார்த்து, பிறகுதான் வார்ட்டுக்கு அனுப்புவோம். தொண்டை கொஞ்சம் கரகரக்கும், குமட்டல் வரும், குளிரும். வலி இருந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காதீங்க. வலியில் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டீங்க, இருமமாட்டீங்க, சளி கட்டிவிடும். தாதியிடம் சொல்லுங்க. அன்றே வீட்டுக்கு அனுப்பினால் கூட ஒரு ஆள் இருக்கணும். ஒரு நாள் முழுக்க வாகனம் ஓட்டுறதோ, கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறதோ, காணிக் கடதாசியில் கையெழுத்துப் போடுறதோ வேண்டாம். பாரம் தூக்குவது எப்போது என்று சத்திரசிகிச்சை டாக்டரிடம் கேட்டு, துண்டில் எழுதி வாங்குங்க. வீட்டுக்கு வந்த பிறகு மூச்சு முட்டினால், இரத்தம் நிற்காமல் போனால் லொறி தேடிக்கொண்டு நிற்காமல் 1990க்கு எடுங்க. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

"ஐயா, இவ்வளவு பார்த்தா ஆபத்தே வராதா?" என்று நீங்கள் கேட்கலாம். வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் முன்னைய காலத்தை விட மிக மிகக் குறைவு. அதை இன்னும் குறைக்கும் மருந்து உங்கள் வாயில் இருக்கு. அது உண்மை.

அந்த ரொட்டிப் பொடியன் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தான். அம்மாயியும் வந்தார். "இன்னைக்கு நானும் சாப்பிடல ஐயா, அவனுக்குத் துணையா" என்றார். பொடியன் பசியோடு தூங்கி, நல்லபடியாக எழும்பினான். எழும்பியதும் கேட்ட முதல் கேள்வி, "ரொட்டி எங்கே?"

டாக்டர் சொன்ன பிறகு, அம்மாயி தன் கையாலேயே கொடுத்தார்.



லயத்துச் சுவரில் ஒட்டி வைக்க

1. சாப்பாட்டை நிறுத்தும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். பிள்ளைக்கும் ஒளித்துக் கொடுக்காதீர்கள்.
2. தவறிச் சாப்பிட்டுவிட்டால் உடனே சொல்லுங்கள். யாரும் ஏசினாலும் பரவாயில்லை.
3. கிளினிக் கொப்பி, குளிசைகள், பழைய ரிப்போட்டுகளைக் கொண்டு போங்கள்.
4. கட்டுப்பல், தோடு, மூக்குத்தி, நகத்துப் பூச்சைக் கழற்றி, அழித்துவிட்டுப் போங்கள்.
5. வெற்றிலை, குடி, புகை, மருந்தடிக்கும் வேலை எதையும் மறைக்காதீர்கள்.
6. விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் கேளுங்கள்.